என் கையெழுத்தில் மூன்று வாக்குமூலங்கள்

ஜூன் 6, வியாழன்

நான்கு வருடத்துக்கு முன்னால் கம்பெனி என்னைக் கோயம்புத்தூரில் இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பியது. பேச வந்தவர் ஒன்று சொன்னார்: "யாரிடம் என்ன கேட்டீர்கள், அவர் எப்படிப்பட்டவர், என்ன பதில் வந்தது, தினமும் எழுதி வையுங்கள்." உடன் இருந்த பதினேழு பேரும் ஒரு வாரத்தில் நிறுத்தியிருப்பார்கள். நான் நிறுத்தவில்லை. இது நான்காவது நோட்டு.

இன்றைய வேலை, பாக்கிங் பெண்களின் சாப்பாட்டு நேரத்தைப் பன்னிரண்டரையிலிருந்து தள்ளிப்போடுவது. நேற்று சூப்பர்வைசர் போய் உத்தரவாகச் சொல்லி, இருபத்திரண்டு பேரும் சண்டைக்கு வந்துவிட்டார்கள். இன்று நான் கீழே போனேன். "ஒரு மணிக்குச் சாப்பிடறீங்களா, ஒண்ணேகாலுக்கா? உங்க இஷ்டம்" என்று மட்டும் கேட்டேன். ஐந்து நிமிஷம் தங்களுக்குள்ளேயே வாதாடிவிட்டு, "ஒரு மணிக்கே இருக்கட்டுங்க்கா, ஒண்ணேகால் எல்லாம் முடியாது" என்று கறாராகச் சொன்னார்கள். ஜெயித்த சந்தோஷம் முகத்தில். பன்னிரண்டரை யாருக்கும் நினைவே இல்லை.

இதை ஏமாற்று என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். பெருந்துறையில் இந்த மசாலா கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து ஒன்பது வருடம் லைனில் நின்று மிளகாய்த் தூளைச் சுவாசித்தவள் நான். தபாலில் படித்து மாடி ஆபீசுக்கு ஏறியவள். பர்சனல் ஆபீசர் என்று கதவில் என் பெயர் இருக்கிறது. யாரையும் அதட்டி நான் வேலை வாங்கியதில்லை.

வாஷிங் மெஷின் மறுபடி சுற்றாமல் நின்றுவிட்டது. மெக்கானிக் அடுத்த வார ஞாயிறுதான் வருவானாம்.

ஜூன் 10, திங்கள்

பவளத்துக்கு அடிபட்டுவிட்டது. பிறகு எழுதுகிறேன்.

ஜூன் 11, செவ்வாய்

பவளக்கொடி. இருபத்துநான்கு வயது. மூன்றாம் லைன். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. ஈரோட்டில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம்.

நடந்தது இதுதான். மிளகாய்த் தூள் பாக்கெட்டுக்கான பிளாஸ்டிக் சுருள் மெஷினுக்குள் சிக்கிக்கொண்டது. பாக்கெட்டை ஒட்டி வெட்டும் இடத்துக்கு முன்னால் ஒரு கண்ணாடிக் கதவு உண்டு. கதவைத் திறந்தால் மெஷின் தானாக நின்றுவிட வேண்டும். நேற்று நிற்கவில்லை. சிக்கியதை எடுக்கப் பவளம் கையை விட்டாள்.

ஏன் நிற்கவில்லை என்பது அந்தத் தளத்தில் எல்லோருக்கும் தெரியும். கதவு மூடியிருக்கிறதா என்று பார்க்கும் சென்சாரின் மேல் ஒரு சின்னக் காந்தத்தை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். கதவு திறந்தாலும் மூடியிருப்பதாகவே மெஷின் நம்பும். மார்ச் மாதத்திலிருந்து அப்படித்தான் ஓடுகிறது. நேற்று சாயங்காலம் நான் போய்ப் பார்த்தபோது காந்தம் இல்லை. டேப்பின் பசை மட்டும் இருந்தது.

காலை ஜி.எம். ஞானசேகர் கூப்பிட்டார்.

"இருபத்து நாலாம் தேதி ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றார். அதுக்குள்ள பார்த்தவங்ககிட்ட வாக்குமூலம் வாங்கணும். நான் கேட்டா பயப்படுவாங்க. உங்ககிட்டதான் மனசு விட்டுப் பேசுவாங்க, இல்லையா தமயந்தி?"

"ஆமா சார்."

"பொய் எதுவும் வேண்டாம். நடந்ததை நடந்த மாதிரி."

மூன்று பேர். பக்கத்தில் நின்ற மாரக்காள், எதிரில் நின்ற சுகுணா, ஃபிட்டர் அருள்தாஸ். கடைசியாகப் பவளத்திடமும் ஒன்று.

ஜூன் 12, புதன்

மாரக்காள். ஐம்பத்திரண்டு வயது. நான் லைனில் சேர்ந்தபோது பாக்கெட் மடிக்கச் சொல்லிக் கொடுத்தவள். குணம்: பொய் சொல்ல மாட்டாள், அதில் பெரிய பெருமை அவளுக்கு. அப்படிப்பட்டவர்களுக்கு அந்தப் பெருமைதான் கதவு.

டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தேன்.

"மாரக்கா, நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு கம்பெனிக்கே தெரியும். கண்ணால பாத்ததை மட்டும் சொன்னாப் போதும். கதவைத் தொறந்தது பவளந்தானே?"

"அவதான்."

"கையை விட்டதும் அவளாத்தானே? யாரும் தள்ளலையே?"

"யாரு தள்ளறாங்க? அவளாத்தான் உட்டா."

"நீங்க எச்சரிக்கை பண்ணாம இருந்திருக்க மாட்டீங்களே?"

"பாத்துடீ, கையின்னு சொன்னேன் அம்மிணி. சொல்றதுக்குள்ள..." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "ஆனா அந்தக் காந்தம் இருக்குதல்ல..." என்று ஆரம்பித்தாள்.

"அதை ஒட்டினதை நீங்க கண்ணால பாத்தீங்களா?"

யோசித்தாள். "இல்ல. நாங் காலைல வந்தப்பவே இருந்துச்சு."

"பாக்காததைச் சொல்ற ஆள் இல்லையே மாரக்கா நீங்க."

"அது செரி" என்றாள்.

நான் எழுதிப் படித்துக் காட்டினேன். "கதவைத் திறந்தது பவளக்கொடியே. நான் எச்சரித்தேன். அதன் பிறகும் அவர் கையை விட்டார்." ஒவ்வொரு வரிக்கும் ஆமாம் என்றாள். கையெழுத்துப் போட்டாள். ஒரு வார்த்தை பொய்யில்லை.

ஜூன் 13, வியாழன்

அருள்தாஸ். ஃபிட்டர். வேலையில் கெட்டிக்காரர். தன் கைவேலையைக் குறை சொன்னால் முகம் சிவந்துவிடும். மற்றபடி பயந்த சுபாவம். காந்தத்தை யார் ஒட்டியிருக்க முடியும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. யார் சொல்லி என்பதையும்.

"அருள், சென்சார் ரிப்பேரா இருந்துச்சுன்னு கீழ பேசிக்கறாங்க. அப்படி விட்டிருப்பீங்களா நீங்க?"

"யார் மேடம் சொன்னது? சென்சார் நூத்துக்கு நூறு நல்லா இருந்துச்சு. வேணும்னா கழட்டி டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க."

"அன்னைக்குக் காலையிலயும் நல்லா வேலை செஞ்சுதுதானே?"

"செஞ்சுது மேடம்."

எழுதிக்கொண்டேன். கையெழுத்துப் போடும்போது அவர் பேனா ஒரு நிமிஷம் நின்றது. என் முகத்தைப் பார்த்தார். நான் அடுத்த கேள்வி எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதும் வேலையில் ஒரு பகுதி. போட்டுவிட்டுப் போனார்.

சுகுணா சுலபம். லைன் லீடர் ஆக வேண்டும் என்ற ஆசை. "இந்த லைனை உன்கிட்டக் குடுத்திருந்தா இப்படி நடக்க விட்டிருப்பியா?" என்றேன். "சத்தியமா விட்டிருக்க மாட்டனுங்க்கா" என்றாள். "அப்போ கவனம் இருந்தா தவிர்த்திருக்கலாம், அப்படித்தானே?" அவ்வளவுதான். எட்டு நிமிஷம்.

வீட்டுக்கு வரும் வழியில் கால் கிலோ புளி, சோப்பு. துணி எல்லாம் கையால் துவைத்ததில் தோள் வலி.

ஜூன் 14, வெள்ளி

ஜி.எம். மூன்றையும் படித்துவிட்டு, "பிரமாதம்" என்றார். மூன்றும் என் கையெழுத்தில். அவர்களுடையது அடியில் மட்டும்.

ஜூன் 16, ஞாயிறு

மெக்கானிக் வந்தான். பெல்ட் தேய்ந்துவிட்டதாம்.

வீட்டுக்காரருக்கு இன்று டியூட்டி இல்லை. தனியார் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். நாளெல்லாம் கூட்டத்தில் கத்திவிட்டு வீட்டில் பேச்சே குறைவு. சாப்பிடும்போது, "அம்மாபாளையம் அத்தை வீட்டு விசேஷத்துக்குக் காலையில போலாமா, மத்தியானம் போலாமா?" என்று கேட்டேன்.

கையைத் தட்டில் வைத்தபடியே, "எனக்குப் போகவே இஷ்டமில்ல" என்றார்.

"ஏங்க, அவங்க நம்மளுக்கு எவ்வளவு செஞ்சிருக்காங்க, இல்லீங்களா?"

"செஞ்சிருக்காங்க."

"அப்ப போகலைன்னா நல்லாவா இருக்கும்?"

சிரித்தார். கோபமில்லை. "இருபத்தோரு வருசமாப் பாக்கறேன் தமயந்தி. நீ கேக்கறப்ப நான் பதில் சொல்றதே இல்ல. நீ சொன்னதைத் திருப்பிச் சொல்றேன். காலையிலயே போலாம் போ."

எனக்குச் சுருக்கென்றது. யார்தான் கேள்வி கேட்காமல் குடும்பம் நடத்துகிறார்கள்? இந்த வீட்டில் சத்தம் போட்டு ஒரு சண்டை நடந்ததுண்டா? பக்கத்து வீட்டுக்காரர்களைக் கேட்கட்டும். காலையிலேயே போய் வந்தோம். அங்கே அவர் நன்றாகத்தான் சிரித்துப் பேசினார்.

ஜூன் 19, புதன்

பவளத்திடம் வாக்குமூலம் வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். நேற்றே எழுதித் தயாராக வைத்திருந்தேன். "மெஷின் ஓடும்போது கதவைத் திறந்து கையை விட்டது என் கவனக்குறைவு."

குணம்: ஓட்டக்காரி. வேகம்தான் அவளுடைய சந்தோஷம். அக்கா வீட்டில் அண்டி இருப்பவள், யாரும் மெச்சிப் பழக்கமில்லை. ஒரு பாராட்டுக்கு நாளெல்லாம் ஓடுவாள்.

வலது கை பெரிய கட்டாக நெஞ்சின் மேல் இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள். நான் கேட்பதற்கு முன் அவளே ஆரம்பித்தாள்.

"அக்கா, உங்களுக்கு ஒண்ணும் கெட்ட பேரு வந்துடலீங்களே?"

"எனக்கெதுக்குக் கெட்ட பேரு?"

"இல்லீங்க்கா, மார்ச் மாசம் கூட்டம் போட்டீங்கல்ல. மெஷினு நிக்காமலே எடுத்துப்போடலாம்னு நாந்தானுங்களே யோசனை சொன்னேன். நீங்க நல்லதுக்குக் கூட்டம் போட்டீங்க. நாந்தான் பெரிய இவளாட்டம் என்னால முடியும்னேன். என் யோசனை. என் தப்புங்க்கா. எங்கக்காகிட்டயும் அதைத்தான் சொன்னேன்."

நர்ஸ் வந்து தெர்மாமீட்டர் வைத்தாள். எடுத்துக் குறித்துக்கொண்டு போனாள்.

"காயிதம் கொண்டாந்தீங்களா? குடுங்க, எடது கையில போடறேன். பழகிட்டு இருக்கறேன்."

பேனா எழுதவில்லை. அதனால் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன்.

ஜூன் 20, வியாழன்

சோம்பு லோடு வந்தது. நான்காம் லைனில் இரண்டு பேர் லீவு. எழுத ஒன்றுமில்லை.

பேனா நன்றாகத்தான் எழுதுகிறது. அதில்தான் இதை எழுதுகிறேன்.

ஜூன் 21, வெள்ளி

மார்ச் மாதத்துப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். அப்படியே இங்கே எழுதுகிறேன், யாரும் நான் மறைத்தேன் என்று சொல்லக் கூடாது.

"மார்ச் 14. மூன்றாம் லைன் கூட்டம். ஒவ்வொரு தடவை சுருள் சிக்கும்போதும் மெஷின் நின்று நேரம் வீணாகிறது, நிறுத்தாமல் எடுக்கப் பழக்குங்கள் என்று ஜி.எம். சொன்னார். நேராகச் சொன்னால் மாரக்காள் எதிர்ப்பாள். பவளத்தைப் பிடித்தேன். 'ஒரு தடவை நின்னா மறுபடி ஓட எவ்வளவு நேரம் ஆகுது பவளம்?' நாற்பது செகண்ட் என்றாள். 'நிக்காம எடுத்தா?' இரண்டு செகண்ட் என்றாள். 'அது எல்லாராலயும் முடியுமா, இல்ல உன்னாலதான் முடியுமா?' சிரித்துவிட்டாள். 'என்னால முடியும்க்கா!' எல்லோரையும் கை தட்டச் சொன்னேன். யோசனை அவளுடையதாகவே ஆகிவிட்டது. பிரமாதமாக முடிந்தது."

காந்தம் மறுநாள் வந்தது. அதை நான் ஒட்டவில்லை. ஒட்டச் சொல்லவும் இல்லை.

மூன்று மாதம் தினமும் அதைத் தாண்டித்தான் போனேன்.

பயிற்சிக்கு வந்தவர் சொன்னது: நல்ல கேள்வி என்றால், பதில் சொன்னவர் அதைத் தன் சொந்தப் பதில் என்றே கடைசி வரைக்கும் நினைக்க வேண்டும். சரியாகச் செய்திருக்கிறேன். இரண்டு விரல் போன பிறகும் நினைக்கிறாள்.

ஜூன் 22, சனி

சரி, கெடுத்தவளே சரி செய்கிறேன் என்று கிளம்பினேன். எப்படிக் கேட்டு எழுதி வாங்கினேனோ அப்படியே கேட்டு மாற்றி எழுதி வாங்கிவிடலாம்.

ஷிப்ட் முடிந்து பஸ் ஸ்டாப்பில் மாரக்காள் நின்றிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"மாரக்கா, உண்மையை முழுசாச் சொல்றதுதானே உங்க பழக்கம்? அன்னைக்குக் காந்தத்தைப் பத்தி ஏதோ சொல்ல வந்தீங்க. அதையும் சேத்து எழுதினா உங்க மனசுக்கு நிம்மதியா இருக்குமில்ல?"

என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நிறுத்து. போன வாரம் நீ கேட்டப்ப நாஞ் சொன்னது அத்தனையும் நெசம். ஆனா வூட்டுக்குப் போனாச் சோறு எறங்குல. நெசத்தத்தானே சொல்லிப்போட்டு வந்தோம், ஏன் எறங்குலீன்னு நாலு நாளா ரோசனை பண்ணிட்டுக் கெடந்தேன். இப்பப் புரியுது. நீ கேட்டதுக்குத்தான் சொல்லியிருக்கறேன். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுல."

"அதனாலதான் மாரக்கா, இப்ப மறுபடி..."

"மறுக்கா வேற தினுசுல கேக்கற. நாளைக்கு அந்த ஞானசேகரு இன்னொரு தினுசுல கேப்பாரு. எல்லாத்துக்கும் தலையாட்டறதுக்கு நான் என்ன பூம்பூம் மாடா? நீ என்ன பண்ணினயோ அதை நீ எழுது. எதுக்கு எங்களை முன்னால தள்ளற?"

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள். நான் ஏற வேண்டிய பஸ்ஸும் அதுதான். ஏறவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

காலையிலிருந்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். என்னுடைய வாக்குமூலம். முதல் வரி, "பவளக்கொடி இயல்பிலேயே வேகமாக வேலை செய்பவர்" என்று வந்தது. அடித்தேன். அடுத்தது, "நிர்வாகத்தின் அறிவுறுத்தலின்படி" என்று வந்தது. அதையும் அடித்தேன். இத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்தவளுக்குத் தன்னுடையது எழுத வரவில்லை.

அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். எதுவும் கேட்காமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "வேலை போயிரும்" என்றார்.

"போகட்டும்."

"அத்தை விசேஷத்துக்கு நீ கேட்ட மாதிரி இதுக்கும் எங்கிட்ட ஏதாவது கேக்கப் போறயா?"

"இல்லீங்க. சொல்லத்தான் வந்தேன்."

"அப்ப எழுது" என்றார். உளுந்து ஊறப் போட்டிருந்தேன், அவரே ஆட்டினார். மதியத்துக்குள் முடித்துவிட்டேன். ஒன்றரைப் பக்கம். "நான்" என்றுதான் ஒவ்வொரு வரியும் ஆரம்பிக்கிறது. படிக்க நன்றாக இல்லை. அப்படியே இருக்கட்டும்.

ஜூன் 24, திங்கள்

இன்ஸ்பெக்டர் பதினொரு மணிக்கு வருவதாக இருந்தது. ஒன்பதரைக்கே ஜி.எம். அறைக்குப் போய் என் காகிதத்தின் நகலை மேஜையில் வைத்தேன். ஒளித்துக் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை. படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உட்காருங்க. லைன்ல நின்ன உங்களை மாடிக்குக் கூட்டிட்டு வந்தது யாரு தமயந்தி?"

"நீங்கதான் சார்."

"லைனை மூடிட்டாங்கன்னா இருநூறு குடும்பம் என்னாகும்னு உங்களை விட வேற யாருக்கு நல்லாத் தெரியும்?"

"எனக்குத் தெரியும் சார்."

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்ததுலேர்ந்து மனசு சரியில்ல. அந்த வேதனையில எழுதிட்டீங்க, இல்லையா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆமாம் என்று இரண்டு தடவை சொல்ல வைத்துவிட்டால் மூன்றாவது ஆமாம் தானாக வரும். இதை அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான், இரண்டு வருடம் முன்பு, போனஸ் கூட்டத்துக்கு முந்தின நாள். என் குணத்தையும் சரியாகவே கணித்திருந்தார். நன்றி மறக்காதவள். லைன் பெண்கள் மேல் பாசம் உள்ளவள். எல்லாம் சரிதான்.

"இல்ல சார். மனசு நல்லாத்தான் இருக்கு."

"இதுல முதல்ல மாட்டப் போறது நீங்கதான். மார்ச் கூட்டத்தை நடத்தினது யாரு?"

"நான்தான் சார். நாலாவது வரியில எழுதியிருக்கேன். நடத்தச் சொன்னது யாருன்னு அஞ்சாவது வரியில இருக்கு."

முகம் மாறியது. "வெளிய போங்க" என்றார். அப்போதும் என்னை ஒருமையில் திட்டவில்லையே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் தலை நரைத்த, மெலிந்த மனிதர். மூன்றாம் லைன் மெஷினைச் சுற்றி வந்தார். குனிந்து சென்சாரில் இருந்த பசையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, சாட்சிகள் மூவரையும் வரச் சொல்லி, மூன்று வாக்குமூலங்களையும் படித்தார்.

"எல்லாம் ஒரே கையெழுத்தா இருக்கே?"

ஜி.எம். பேச வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"என்னோடது சார். நான் கேட்டு எழுதினது. அதுல பொய் ஒண்ணும் இல்ல. ஆனா நான் கேக்காததுதான் நடந்தது." என் காகிதத்தை நீட்டினேன்.

அவர் அதை வாங்கி, படிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். "என்ன நடந்ததும்மா?" என்றார்.

அவ்வளவுதான் கேள்வி. அதற்குள் எந்தப் பதிலும் இல்லை. நான் தடுமாறிப்போனேன். எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை. பிறகு சொன்னேன். மார்ச் கூட்டம், நாற்பது செகண்ட், கை தட்டல், காந்தம், நான் தாண்டிப் போன மூன்று மாதம், எல்லாம். சுகுணா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாரக்காள் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

முடித்ததும் பின்னாலிருந்து ஒரு குரல்.

"நான்தான் சார் ஒட்டினேன்." அருள்தாஸ். முன்னால் வந்து நின்றார். "வேண்டாம்னு சொன்னேன். ஒட்டுங்கன்னாங்க, ஒட்டிட்டேன். அடிபட்ட அன்னைக்குக் கழட்டினதும் நான்தான். சென்சார்ல ஒரு குறையும் இல்ல சார்."

அவரை நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

மூன்றாம் லைனுக்கு சீல் வைத்துவிட்டுப் போனார் இன்ஸ்பெக்டர். மற்ற லைன்களிலும் ஒவ்வொரு கதவையும் அவர் முன்னாலேயே திறந்து மூடிக் காட்டச் சொன்னார்.

ஜூன் 25, செவ்வாய்

சஸ்பெண்ட். கடிதம் வாங்கிக்கொள்ளக் கேட்டிலேயே நிற்க வைத்தார்கள். அருள்தாஸுக்கும் ஒன்று. இருவரும் எதிரே இருந்த பேக்கரியில் டீ குடித்தோம். "பயமா இருக்குங்களா மேடம்?" என்று கேட்டார். "இருக்கு" என்றேன். "எனக்கும்தான். ஆனா ரெண்டு வாரம் கழிச்சு நேத்துதான் தூங்கினேன்" என்றார்.

மாவு ஆட்டியது மீதி இருந்தது. பணியாரம் சுட்டேன். பன்னிரண்டரை மணிக்கே சாப்பிட்டேன்.

ஜூலை 1, திங்கள்

பவளம் சென்னிமலையில் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாளாம். போனேன். கட்டு சின்னதாகியிருக்கிறது. நடந்தது எதுவும் அவள் காதுக்கு முழுதாகப் போகவில்லை. நான் வேலையில் இல்லை என்பது மட்டும் தெரிந்திருந்தது. "என்னாலதானுங்களா அக்கா?" என்று கண் கலங்கினாள்.

"உன்னால எதுவும் இல்ல பவளம். அந்த யோசனையும் உன்னோடது இல்ல. என்னோடது. ஜி.எம். கேட்டார், நான் உன் வாயிலேர்ந்து வர வெச்சேன். உனக்கு வேகம்னா பிடிக்கும்னு தெரிஞ்சுதான் உன்னைக் கேட்டேன்."

புரியாமல் பார்த்தாள்.

"நாந்தானுங்களே ரெண்டு செகண்டுன்னு சொன்னேன்."

"அதைத் தவிர வேற எதையும் சொல்ல முடியாத மாதிரி நான் கேட்டேன்."

கொடியில் காய்ந்த துணியை அவள் அக்கா எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் கை தட்டினாங்களே" என்றாள் மெதுவாக. "இசுகோல்ல கூட எனக்கு யாரும் தட்டினதில்ல. வூட்டுக்கு வந்து எங்கக்காகிட்டச் சொன்னேன். அதும் நீங்க தட்டச் சொன்னதுதானுங்களா?"

இங்கே ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரிந்த நல்ல வார்த்தைகள் நிறைய.

"ஆமா" என்றேன்.

அவள் எழுந்து நின்றாள். முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை. "மூணு வாரம்! மூணு வாரமா நாந்தான் தப்புப் பண்ணினேன்னு எம் மேலயே வெறுப்பாக் கெடந்தேன். நீங்க வந்து பக்கத்துல உக்காந்து பாத்துட்டுப் போனீங்க. போங்க வெளிய. இனிமே என்னை எதும் கேக்காதீங்க. போங்க!"

தெரு முழுக்கக் கேட்டது. அக்கா ஓடி வந்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக வருகிறது. அழவில்லை. நான் போனது சரி. இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தாலும் இதையேதான் போய்ச் சொல்வேன்.

ஜூலை 9, செவ்வாய்

ஈரோட்டில் இன்ஸ்பெக்டர் ஆபீஸில் விசாரணை. என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். பவளம் அக்காவோடு வந்தாள். கூட மாரக்காள், ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு. மாரக்காள் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள். பவளம் பார்க்கவில்லை.

எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார்கள். ஞானசேகர் வக்கீலோடு வந்திருந்தார். இன்ஸ்பெக்டர் பவளத்திடம், "சொல்லும்மா" என்றார்.

பவளம் கட்டுப் போட்ட கையை மேஜை மேல் வைத்தாள்.

"இவரு இருக்கட்டுங்க. இவரு கேக்கோணும்" என்று ஞானசேகரைக் காட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அவங்க இருந்தா நான் பேச மாட்டேன். அவங்க மூஞ்சியைப் பாத்தா எது நான் சொல்றது, எது அவங்க சொல்றதுன்னு எனக்குத் தெரிய மாட்டீங்குது."

வக்கீல், "அதெப்படி..." என்று தொடங்கினார். நான் எழுந்துவிட்டேன். யாரும் சொல்லாமலே வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

வராந்தாவில் ஒரு மர பெஞ்சு. பத்தரை மணிக்கு உட்கார்ந்தேன். உள்ளே அவள் குரல் ஏறுவதும் இறங்குவதும் கேட்டது, வார்த்தை எதுவும் பிடிபடவில்லை. ஒரு தடவை வக்கீல் குறுக்கே பேச, அவள் குரல் அதற்கு மேல் எழுந்தது. ஒரு மணி ஆனது. ஒன்றரை ஆனது. இத்தனை நேரம் பேச அவளிடம் இவ்வளவு இருந்தது எனக்குத் தெரியாது. இரண்டு வருடம் அவளைத் தினமும் பார்த்திருக்கிறேன்.

கிளார்க் வெளியே வந்தபோது கையில் காகிதக் கத்தை. நான் கேட்கவில்லை. அவராகவே நின்று, "பதினாலு பக்கம்மா. உங்க பேரும் வருது. நல்ல விதமா இல்ல" என்றார்.

"வரட்டுங்க" என்றேன்.